சென்னை பஸ்ஸிலும் ரயிலிலும் பழகுவது எப்படி: ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகளுக்கு

கிளாம்பாக்கத்தில் விடிகாலை இறங்கி, தோளில் ஒரு பையும் கையில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவுமாக மாநகரப் பேருந்து எங்கே நிற்கும் என்று தேடுகிற பையன்களை இப்போதும் பார்க்கிறேன். 2004இல் நான் இப்படித்தான் கோயம்பேட்டில் வந்து நின்றேன். தங்கியது குரோம்பேட்டை, வேலை கிண்டி. அதற்கப்புறம் என் ஆயுளில் ஒரு பெரும்பகுதி பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும்தான் கழிந்தது.

ஊரில் எனக்கு மரியாதை தெரிந்த பையன் என்று பெயர். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பேன், கேட்காமலே உதவி செய்வேன். சென்னைக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பெயர் ஆட்டம் கண்டுவிட்டது. தெரிந்தவர்களிடம் எப்படி நடப்பது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அறுபது பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற இடத்தில் எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்களுக்குத் தேவையானதை இந்த ஊர் பஸ் முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுகிறது, பாவம்.

முதலில், கூப்பிடும் விதம்

கோவில்பட்டிப் பழக்கத்தில் முதல் நாள் கண்டக்டரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். நாலைந்து தலைகள் திரும்பின. சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். கண்டக்டரும் டிரைவரும் இங்கே "சார்" அல்லது "அண்ணா". உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தாலும் அண்ணாதான், கூச்சப்படாதீர்கள். "ப்ரோ"வை உங்கள் வயதுப் பையன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெண்களை அழைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "ஆன்ட்டி", "பாட்டி" இரண்டும் வேண்டாம். நரைத்த தலை என்பதற்காக ஒருவர் உங்களுக்குப் பாட்டியாகிவிட மாட்டார். "அம்மா" பெரும்பாலும் சரிவரும், "அக்கா"வும் அப்படியே. "மேடம்" கொஞ்சம் ஆபீஸ் வாடை அடிக்கும், ஆனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எது என்று தெரியாவிட்டால் எதுவும் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வழி விடுங்க" என்றாலே போதும். கடைசியில் வருகிற அந்த "ங்க" எல்லா மரியாதையையும் தானே சுமந்துகொள்ளும்.

ஏறும்போது

மாநகரப் பேருந்தில் பெண்கள் முன்வாசலிலும் ஆண்கள் பின்வாசலிலும் ஏறுவது இங்கே வழக்கம். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிற்கும், கூட்டம் ஓடும், நீங்களும் ஓடுவீர்கள். முன்வாசல்தான் பக்கத்தில் இருக்கிறது என்றால், அங்கே ஏறுகிற பெண்கள் எல்லோரும் ஏறி முடித்த பிறகு கால் வையுங்கள். நடுவில் நுழைவது அவசரம் என்று உங்களுக்குத் தோன்றும். முன்னாலும் பின்னாலும் இருக்கிற பெண்களுக்கு அது வேறு மாதிரித் தெரியும்.

முதுகுப்பையை ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கழற்றாத பையோடு நீங்கள் ஒருமுறை திரும்பினால் பின்னால் நிற்பவரின் கண்ணாடி கீழே விழும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், காலுக்கிடையில் வைக்கலாம்.

படி உயரம் என்பதால் வயதானவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள். முதலில் அவர்கள் கையில் இருக்கிற பையை வாங்கிக்கொள்ளுங்கள், பாதிச் சிரமம் அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 2024 முதல் சில தடங்களில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. பஸ் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகையும் உண்டு. அதில் ஒருவர் ஏறும்போது நாம் செய்ய வேண்டியது வாசலை விட்டு விலகி நிற்பது மட்டும்தான். நாற்காலியின் பின்பிடியைக் கேட்காமல் பிடிப்பது, முன்பின் தெரியாதவர் உங்களைத் தூக்கி நகர்த்துவது போன்றது.

டிக்கெட் எடுப்பதில் ஒரு சின்ன நாகரிகம்

சென்னையின் தனி அழகு இது. பின்வாசல் பக்கத்தில் கண்டக்டர் தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் நாம்தான் காசைக் கை மாற்றி அனுப்ப வேண்டும். "ஒரு அடையாறு" என்று சொல்லி முன்னால் நிற்பவரிடம் நீட்டினால் நாலு கை தாண்டிக் காசு போகும், அதே வழியில் டிக்கெட்டும் சில்லறையும் திரும்பி வரும். முகம் தெரியாத நாலு பேரை நம்பி ஐம்பது ரூபாயைக் கொடுத்தனுப்புவது ஊரில் எனக்குப் பழக்கமில்லாத விஷயம். ஒருநாளும் தொலைந்ததில்லை.

இந்தச் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணி. காசு வந்தால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள், எந்த ஸ்டாப் என்று கேட்டு வாங்குங்கள், அதையே சொல்லி அடுத்தவரிடம் கொடுங்கள். நீங்கள் அனுப்பும்போது சரியான சில்லறையாகக் கொடுக்கப் பாருங்கள். வலது கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும், இடது கையால்தான் வாங்கிக் கொடுக்க முடியும். பெரியவர்களிடம் நீட்டும்போது "இடது கை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். பெண்ணின் கையில் காசு கொடுக்கும்போது நோட்டின் நுனியைப் பிடித்து நீட்டுங்கள், விரல் படாமல் முடியும்.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்று பெயர். முன்புறமும் பின்புறமும் ரோஸ் வண்ணம் அடித்து ஓடுகிறதே, அந்த பஸ்கள். கூட்டம் அதிகமானால் "எல்லாம் ஓசி டிக்கெட்" என்று யாராவது முனகுவார். அந்தப் பேச்சில் சேராதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா அதில் மிச்சப்படுத்துகிற காசுக்கு என்ன மதிப்பு என்று முனகுகிறவருக்குத் தெரியாது.

இடம் கொடுப்பது, கொடுத்த பிறகு நடப்பது

பஸ்ஸின் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. காலியாக இருந்தால் ஆண்கள் உட்காருவது உண்டு. ஆனால் ஸ்டாப் வரும்போதெல்லாம் வாசலைப் பாருங்கள். ஒரு பெண் ஏறினால் அவர் வந்து கேட்பதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். அவர் வாய் திறந்து கேட்டு, அப்புறம் நீங்கள் எழுந்தீர்கள் என்றால் அது மரியாதையில் சேராது, சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தீர்கள், அவ்வளவுதான். வலப்பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் "அங்கே போய் உட்காருங்க" என்று விரட்டுகிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். இடப்பக்கத்தில் பெண்களுக்கு முன்னுரிமை என்பதால் வலப்பக்கம் ஆண்களின் சொத்து ஆகிவிடாது.

யாருக்கு இடம் கொடுப்பது? பெண் என்றாலே எழ வேண்டுமா என்று பையன்கள் என்னைக் கேட்பதுண்டு. உங்கள் வயதுப் பெண், கையில் சுமையில்லை, நன்றாக நிற்கிறாள் என்றால் பொது இருக்கையிலிருந்து நீங்கள் எழ வேண்டிய அவசியம் இல்லை. நிற்க யாருக்குக் கஷ்டம் என்று மட்டும் பாருங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெரியவர், சித்தாள் வேலை முடித்து சிமென்ட் படிந்த கால்களோடு வருகிற பெண், இரவு ஷிஃப்ட் முடிந்து நின்றபடி தூங்கி விழுகிற ஆண். இந்தக் கடைசி ஆளுக்கு யாரும் எழுவதில்லை என்பது என் வருத்தம்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். "வயசானவங்க நிக்கறாங்க, உக்காருங்கம்மா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னால் உங்களுக்குப் பெருமை, அவருக்குச் சங்கடம். அறுபதைத் தொட்ட ஆண்கள் இதில் இன்னும் மோசம், "எனக்கென்ன வயசாயிடுச்சா" என்று முறைத்துக்கொண்டு கடைசி வரை நிற்பார்கள். ஒரு வழி சொல்கிறேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவர் போல எழுந்திருங்கள். கண்ணால் இருக்கையைக் காட்டுங்கள். நாலு அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நில்லுங்கள். முடிந்தது.

இந்தத் தள்ளிப் போவதை நான் கற்றுக்கொண்டது ஒரு அசட்டுத்தனத்தால். வந்த புதிதில் 21ஜி பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தேன். மடியில் பெரிய துணிமூட்டை வைத்திருந்தார். நல்ல காரியம் செய்த நிறைவில் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். "எங்க இறங்கணும்?" என்று கேட்டேன். சொன்னார். "தினமும் இந்த பஸ்ஸா?" என்றேன். பதில் இல்லை. அடுத்த ஸ்டாப்பில் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் சொன்ன இடம் வர இன்னும் மூன்று ஸ்டாப் இருந்தது. ஊரில் இதே கேள்விகள் சாதாரண விசாரிப்பு. இங்கே, கொடுத்த இடத்துக்கு நான் வாடகை கேட்டதாக அவருக்குப் பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கு தப்பில்லை. உட்காரும் இடத்தைக் கொடுத்துவிட்டு அதைவிட முக்கியமான இன்னொரு இடத்தை எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். உதவி செய்த கையோடு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். நன்றி சொன்னால் தலையசைப்பு. சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை.

உட்கார இடம் கிடைத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. எதிரே நிற்பவரின் பையை மடியில் வாங்கிக்கொள்வது. பள்ளிப் பிள்ளைகள் கேட்காமலே நம் மடியில் போட்டுவிடுவார்கள், அதில் ஒரு உரிமை. பெரியவர்களிடம் "பையைக் கொடுங்க" என்று ஒருமுறை கேளுங்கள். லேப்டாப் பை என்றால் தயங்குவார்கள், வற்புறுத்த வேண்டாம். வாங்குவதற்கு முன் உங்கள் ஸ்டாப்பைச் சொல்லிவிடுங்கள். டிபன் பாக்ஸ் இருக்கிற பை என்றால் நிமிர்த்தி வையுங்கள். சாம்பார் கறையோடு ஆபீஸ் போய் இறங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

நிற்கும்போது

கூட்டத்தில் உடம்பு உரசாமல் நிற்க முடியாது என்று ஒரு நியாயம் சொல்வார்கள். முடியும். இரண்டு கையையும் மேலே கம்பியில் வைத்து, தோளைக் குறுக்கி, பெண்களுக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றால் முடியும். பிரேக் போட்டு மேலே சாய்ந்துவிட்டால் "சாரி" என்று உடனே சொல்லிவிட்டு ஒரு அடி விலகுங்கள். கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பழக்கம்தான். நெரிசலில் அதைச் செய்யப் போகாதீர்கள், குனிகிற கை யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. வாய் வார்த்தை போதும்.

பார்வை. இதைச் சொல்லாமல் முடியாது. பஸ்ஸில் ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதும் அவள் இறங்கும் இடத்தில் இறங்கிப் பின்னால் நடப்பதும் காதலின் முதல் படி என்று நம் சினிமா பல வருடம் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டது. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022இல் ஒரு திருத்தம் வந்தது. பெண் பயணிகளை முறைத்துப் பார்ப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது, படம் எடுப்பது எல்லாம் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. அப்படி நடப்பவரை கண்டக்டர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடலாம், போலீஸிடம் ஒப்படைக்கலாம். ஏற இறங்க உதவுகிறேன் என்ற சாக்கில் பெண்களைத் தொடுகிற கண்டக்டருக்கும் அதே திருத்தத்தில் நடவடிக்கை உண்டு. எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். உதவி என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

யாராவது ஒரு பெண்ணுக்குத் தொந்தரவு கொடுப்பதைப் பார்த்தால், கதாநாயகனாக மாறிச் சட்டையைப் பிடிக்க வேண்டாம். சண்டை பெரிதானால் எல்லோருடைய கண்ணும் அந்தப் பெண் மேல்தான் திரும்பும். முதலில் அவருக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நில்லுங்கள், "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே. பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் "கண்டக்டர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். என்ன செய்வது என்று முடிவெடுப்பது அவர். 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண், ரயிலில் 139. இவற்றைப் போனில் இப்போதே சேமித்துவிடுங்கள்.

போன் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிடாதீர்கள். பேசினால் பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் பேசுங்கள்.

மின்சார ரயில்

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மூன்று தலைமுறை ஏறி இறங்கிய தடம் என்பதால் எழுதாத விதிகளும் அதிகம்.

மகளிர் பெட்டி எது என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். நான் இரண்டாவது நாளே ஓடிப்போய் அதில் ஏறிவிட்டேன். "தம்பி, இது லேடீஸ்" என்று ஒரு அம்மா சொன்ன தொனியில் கோபமே இல்லை, அதுதான் அதிகம் சுட்டது. ஏறிவிட்டால் வாசலருகிலேயே தலையைக் குனிந்து நின்று, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். தெரிந்தே ஏறினால் ரயில்வே சட்டம் 162ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம், டிக்கெட்டும் பறிபோகும். மாற்றுத்திறனாளிகள் பெட்டியும் அப்படித்தான், காலியாக இருக்கிறதே என்று ஏற வேண்டாம்.

இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே வாசலை நோக்கி நகரத் தொடங்க வேண்டும். முன்னால் நிற்பவரை முட்டாதீர்கள். "கிண்டி இறங்குறீங்களா?" என்று கேளுங்கள். இறங்குகிறார் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள். இல்லை என்றால் அவரே ஒதுங்கி உங்களை முன்னால் விடுவார். இந்த ஒரு கேள்வி தெரிந்துவிட்டால் நீங்கள் பாதிச் சென்னைக்காரர். மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஒருவர் "கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்" என்று கேட்டால் தள்ளிக் கொடுப்பதும் இங்கே வழக்கம். ஆனால் நடுவில் பெண் இருக்கிற பெஞ்சில் நீங்கள் நாலாவது ஆளாகப் போய் நெருக்காதீர்கள், நின்றுகொண்டே போங்கள்.

பார்வையற்றவர்கள் பலர் இந்த ரயில்களில் பேனா, ஊக்கு, பான் கார்டு உறை என்று விற்றுக்கொண்டு வருவார்கள். அவர்கள் வரும்போது சும்மா ஒதுங்கினால் போதாது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. "வலது பக்கம் ஆள் இருக்கு, நேரா வாங்க" என்று குரல் கொடுங்கள். வாங்கினால் "இது ஐம்பது ரூபாய்" என்று நோட்டின் மதிப்பைச் சொல்லிக் கொடுங்கள். பேசிக்கொண்டிருந்துவிட்டு நகரும்போது "நான் கிளம்பறேன்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் காலியிடத்தோடு பேசிக்கொண்டிருப்பார். பிளாட்பாரத்தில் அழைத்துப் போக வேண்டியிருந்தால் வெள்ளைக் கோலைப் பிடித்து இழுக்காதீர்கள், தோளைத் தள்ளாதீர்கள். கேட்டுவிட்டு உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அதைப் பிடித்தபடி அவர் அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் ஏறுகிற படியா இறங்குகிற படியா என்று சொல்லுங்கள். வெறுமனே "படி" என்றால் அவருக்கு உதவாது.

மெட்ரோ

2015இல் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவில் தொடங்கியபோது எல்லோரும் ரொம்ப ஒழுங்காக இருந்தோம். இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கதவின் இரு பக்கமும் ஒதுங்கி நின்று, உள்ளே இருப்பவர்கள் இறங்கிய பிறகு ஏறுங்கள். லிஃப்ட் முதியவர்களுக்கும் குழந்தை வண்டிக்காரர்களுக்கும். இருபத்தைந்து வயதில் அதற்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பக்கத்திலேயே நகரும் படிக்கட்டு இருக்கிறது.

ராத்திரி

கடைசி பஸ்ஸிலிருந்து இறங்குகிறீர்கள். உங்களோடு ஒரு பெண்ணும் இறங்கி அதே தெருவில் நடக்கிறார். நீங்கள் பாட்டுக்கு உங்கள் அறைக்குப் போகிறீர்கள். அவருக்கு அது தெரியாது, பின்னால் வருகிற செருப்புச் சத்தம் மட்டும்தான் தெரியும். எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஒரு நிமிடம் நின்று அவரைப் போகவிடுங்கள், அல்லது வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைவிடப் பயமுறுத்துகிற வாசகம் தெருவில் வேறில்லை.

கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு நேரமாகிவிட்டால் "ட்ராப் பண்ணட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்காதீர்கள். சரி என்றால் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்பார். அக்கம்பக்கத்துக் கண்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் வீடு வரை வருகிறேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஆட்டோவில் அனுப்பினால் வண்டி நம்பரை ஓட்டுநர் பார்க்கும்படியே படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்புங்கள்.

அரைமணி கழித்து "ரீச்டு" என்று மெசேஜ் வரும். "ஓகே" என்று பதில் போடுங்கள். போட்டுவிட்டு போனைக் கீழே வையுங்கள்.